ஆங்கிலச் சீமாட்டிகளின் உருவப்படங்களும் அவற்றைத் திரட்டியோரும்

பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் பெருநிலம் படைத்த பிரபு ஒருவர் இறந்தால், அவருடைய மாளிகையிலுள்ள பொருள்களையெல்லாம் அறை அறையாகச் சென்று எழுதி வைப்பது வழக்கம். வெள்ளிக் கலங்கள், கட்டில்கள், திரைச்சீலைகள், அடுக்களைப் பாத்திரங்கள் என்று நீண்டு செல்லும் அப்பட்டியலின் நடுவே, இன்ன பெருமாட்டியின் படம் ஒன்று, அவர் தங்கையின் படம் ஒன்று என்றும் சில வரிகள் காணப்படும். படத்தை எழுதிய ஓவியனின் பெயர் பெரும்பாலும் அங்கே இராது. பட்டியல் எழுதியவனுக்கு அது வேண்டியதுமில்லை. படத்தில் இருப்பவர் யார், எந்தக் குடும்பத்தவர், யாருக்கு மனைவி என்பனவே அவனுக்கு வேண்டியவை.

இன்று அதே படம் ஏலசாலைக்கு வருமாயின் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. விற்பனைப் பட்டியலில் ஓவியனின் பெயரே முதலில் நிற்கும். அவன் பெயர் உறுதிப்படாவிடின், அவனுடைய தொழிற்கூடத்தின் பெயராவது, அவன் வழிவந்தோரின் பெயராவது நிற்கும். அதன் கீழே பல வேளைகளில் 'பெயர் தெரியாத ஒரு சீமாட்டி' என்ற குறிப்பே எஞ்சியிருக்கும். குடும்பத்தின் பெருமைக்காக எழுதப்பட்ட முகங்கள் குடும்பத்தையே இழந்து எவ்வாறு கலைப்பொருள்களாக மாறின என்பதை அறிய வேண்டுமாயின், அவற்றை எழுதியோரின் வரலாற்றோடு அவற்றைத் திரட்டியோரின் வரலாற்றையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

இக்கதை அன்ரனி வன்டைக்குடன் தொடங்குகிறது. அவருக்கு முன்னர் எலிசபெத் அரசியின் காலத்திலும் அதனை அடுத்தும் எழுதப்பட்ட ஆங்கிலப் பெண்களின் படங்கள், அணிகலன்களும் பின்னல் வேலைப்பாடும் நிறைந்தவை; ஆனால் அசைவற்றவை. உடை உயிர்பெற்று நிற்க, உடுத்தவர் பொம்மைபோல் நிற்பார். 1599-இல் அன்ற்வேப் நகரிற் பிறந்து, றூபன்ஸ் என்னும் பேரோவியரின் கூடத்தில் உழைத்து, இத்தாலியிலும் தங்கித் தேர்ந்த வன்டைக், 1632-இல் முதலாம் சாள்ஸ் மன்னரின் அழைப்பை ஏற்று இலண்டனுக்கு வந்தார். அவ்வாண்டிலேயே மன்னர் அவருக்கு வீரப்பட்டம் அளித்தார்; ஆண்டுக்கு 200 பவுண் உபகாரமும் விதித்தார். 'பறோக்' என்று கலைஞர் வழங்கும் பாணி அவரோடு ஆங்கில மாளிகைகளுக்குட் புகுந்தது. பட்டாடை ஒளியை வாங்கி மடிந்து விழுவதும், திரும்பும் கழுத்தும், காற்றில் நெகிழ்ந்த கூந்தலும், பின்னே கருமுகில் சூழ்ந்த வானமும் அப்பாணியின் அடையாளங்களாயின.

வன்டைக் தொழில் நடத்திய விதத்தை அவருடைய நண்பரான ஜபக் என்னும் செல்வர் சொல்லக் கேட்டு, டி பீல் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1708-இல் எழுதி வைத்தார். ஓர் அமர்வுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எவருக்கும் கொடுப்பதில்லை. மணி அடித்ததும் ஓவியர் எழுந்து வணங்கி, அடுத்த முறை வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுப்பார். பணியாள் தூரிகைகளைக் கழுவி வேறு வண்ணப் பலகையைக் கொண்டு வைப்பதற்குள் அடுத்த பிரபுவோ சீமாட்டியோ உள்ளே வந்துவிடுவார். சாம்பல்நிறத் தாளிலே உருவின் நிலையையும் உடையின் அமைப்பையும் கால்மணி நேரத்திற் கோடிட்டு உதவியாளரிடம் கொடுத்துவிடுவார். சீமாட்டிகள் அனுப்பிவைத்த ஆடைகளைப் பார்த்து உதவியாளர் அவற்றைத் தீட்டுவர். கைகளுக்கோவெனில், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆடவரும் பெண்டிரும் இருந்தனர். ஆதலின் வன்டைக்கின் சீமாட்டிகளுக்கு வாய்த்த நீண்டு மெலிந்த எழில்மிகு விரல்களைக் கண்டு, அவை அவரவருக்குச் சொந்தமானவை என்று நம்பிவிடுதல் ஆகாது.

அவர் கையால் எழுதப்பட்டோர் யாவரும் மகிழ்ந்தனர் என்பதற்கில்லை. சசெக்ஸ் சீமாட்டியாகிய எலினோர், 1639-ஆம் ஆண்டை ஒட்டி றால்ப் வேர்ணி என்பாருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. தம்முடைய படத்தைச் சற்று மெலியச் செய்யுமாறு வன்டைக்கிடம் சொல்லும்படி அவர் வேண்டினார். படம் வந்து சேர்ந்ததும் அவருடைய துயரம் பெருகிற்று. முகம் பெருத்து, கன்னம் ஊதி, தேசப்படத்தின் மூலையில் வாயால் ஊதும் காற்றுத் தெய்வம்போல் இருக்கிறதென்றும், அதைக் கண்டு தம்மீதே தமக்கு வெறுப்பு உண்டாயிற்றென்றும் எழுதினார். அதோடு நின்றிருந்தால் அது சாதாரண மனக்குறையாக முடிந்திருக்கும். ஆனால் அவ்வரிகளின் பின்னர், உண்மையைச் சொன்னால் படம் தம்மைப் போலவே இருக்கிறதென்று தாம் நினைப்பதாகவும் அவர் எழுதிவிட்டார். அக்காலத்துச் சீமாட்டி ஒருத்தி படத்தின் முன்னே நின்று பேசும் குரல் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கேட்பதரிது.

இதற்கு நேர்மாறான படம் ஒன்றும் உண்டு. வெனீசியா டிக்பி என்னும் பேரழகி 1633-ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி உறக்கத்திலேயே இறந்து கிடந்தார். கணவராகிய கெனெல்ம் டிக்பி உடனே வன்டைக்கை அழைத்து, படுக்கையிற் கிடந்த அவ்வுருவை எழுதுவித்தார். தலையணையிற் சாய்ந்த முகமும், விரிப்பின் மேல் இதழுதிர்ந்து கிடக்கும் றோசாவுமாக அமைந்த அப்படத்தைக் கணவர் எங்குச் சென்றாலும் உடன் கொண்டு சென்றார். இரவிற் படுக்கையருகே வைத்துக்கொண்டார். அது இப்பொழுது இலண்டனைச் சேர்ந்த டல்விச் சித்திரசாலையில் இருக்கிறது. ஒரு மனிதனுடைய துயரத்துக்காக மாத்திரம் எழுதப்பட்ட படம் அது. விலைக்கும் பெருமைக்கும் அதில் இடமிருக்கவில்லை.

வன்டைக்கின் படங்களைத் தொகுதியாகத் திரட்டியோரில் முதன்மையானவர் வோட்டன் பிரபுவாகிய பிலிப். இவர் 1630-களின் பிற்பகுதியில் தம் மனைவி, மாமனார், உறவினர், தம் புதல்வியர் ஆகியோரின் படங்களை வன்டைக்கிடம் எழுதுவித்து, வின்செண்டன் என்னும் ஊரிலிருந்த தம் மாளிகையிலே நீண்ட கூடம் ஒன்றில் தொங்கவிட்டார். குடும்பத்தை ஒரே கூடத்தில் ஒரே கையால் நிறுத்தி வைப்பதே அவர் நோக்கம். அந்நோக்கம் ஒரு நூற்றாண்டு காலமும் நிலைக்கவில்லை. வழித்தோன்றல்கள் அப்படங்களைப் பிரதம மந்திரியாகிய றொபேட் வால்போலுக்கு விற்றனர். அவை ஹௌற்றன் மாளிகைக்குச் சென்றன. வால்போலின் பேரன் கடனில் மூழ்கி, 1779-இல் அம்மாளிகையின் சிறந்த படங்களை ஏறக்குறைய 40,000 பவுணுக்கு றுசிய நாட்டுப் பேரரசி கதரீனுக்கு விற்றான். ஆங்கில நாட்டார் பலர் இதனைத் தேசத்துக்கு நேர்ந்த இழிவெனக் கூக்குரலிட்டனர். பணம் கொடுத்து மீட்பார் எவருமிலர். வோட்டன் பிரபுவின் மனைவி ஜேன் குட்வினும், பிலடெல்பியா, எலிசபெத் என்னும் சிறுமியர் இருவரும் இன்றும் சென்ற் பீற்றர்ஸ்பேக் நகரத்து ஹேர்மிற்றாஜ் நூதனசாலையிலே இருக்கின்றனர். அவர்களோடு சென்ற வோட்டன் பிரபுவின் படமோ அங்கும் நிலைக்கவில்லை. சோவியத் அரசு இயந்திரங்கள் வாங்குவதற்கு அந்நிய நாணயம் வேண்டி 1930, 1931-ஆம் ஆண்டுகளில் இரகசியமாக விற்ற படங்களுள் அதுவும் ஒன்று. அமெரிக்கச் செல்வர் அன்ட்றூ மெலன் அதனை வாங்கினார். இப்போது அது வாஷிங்டனில் உள்ளது. இவ்வாறு கணவர் ஒரு கண்டத்திலும் மனைவி மற்றொரு கண்டத்திலுமாகப் பிரிந்தனர்.

1641-இல் வன்டைக் காலமானார். அடுத்த ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-இல் மன்னர் தலை இழந்தார். அவர் திரட்டிய ஓவியங்கள் கடனாளர்க்கும் கைவினைஞர்க்கும் பிறநாட்டுத் தூதுவர்க்கும் விலைப்பட்டன. அவ்விற்பனையிற் படங்கள் வாங்கியவர்களுள் பீற்றர் லீலி என்னும் ஓவியரும் ஒருவர். ஜேர்மனியிலுள்ள சோஸ்ற் என்னுமிடத்தில் 1618-இல் ஒல்லாந்துக் குடும்பமொன்றிற் பிறந்து, 1640-களின் தொடக்கத்தில் இலண்டன் வந்தவர் இவர். மன்னரையும் எழுதினார், மன்னரை ஒழித்தோரையும் எழுதினார், 1660-இல் மன்னராட்சி மீண்டதும், அடுத்த ஆண்டிலேயே இரண்டாம் சாள்ஸின் தலைமை ஓவியரானார். தூரிகைக்கு அரசியல் இல்லை என்பதை இவரைக் காட்டிலும் நன்கு உணர்ந்தவர் அக்காலத்திலே இலர்.

லீலியின் பெயரை நிலைநிறுத்தியது 'வின்ட்சர் அழகிகள்' என இப்பொழுது வழங்கும் தொகுதி. அதனை எழுதுவித்தவர் மன்னரல்லர். மன்னரின் தம்பியாகிய யோர்க் கோமகனின் மனைவி ஆன் ஹைட். சட்ட அறிஞர் ஒருவரின் மகளாகப் பிறந்து, அரச குடும்பத்திற் புகுந்தமைக்காகப் பலருடைய ஏளனத்துக்கு ஆளான பெண் இவர். அரசவையின் மிகச் சிறந்த அழகிகளின் படங்கள் தமக்கு வேண்டுமென்று இவர் விரும்பி, 1662-க்கும் 1665-க்கும் இடையே அவற்றை எழுதுவித்தார். ஒரு பெண் பிற பெண்களின் உருவங்களைத் திரட்டியதன் காரணம் பற்றிப் பலரும் பலவாறு கூறுவர். அழகியரின் கூட்டத்துக்குத் தாமே தலைவி என்பதைச் சுவரிலே எழுதிக் காட்டினார் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சுவரில் யார் தொங்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் ஓர் அதிகாரமன்றோ!

அப்படங்களில் மன்னரின் காதற்கிழத்தி பார்பரா வில்லியர்ஸ் ஈட்டியும் கேடயமும் தாங்கி மினேர்வா தெய்வமாக வீற்றிருக்கிறார். எலிசபெத் ஹமில்ரன் புனித கதரீனாகக் குருத்தோலை ஏந்துகிறார். மன்னரின் விருப்பத்துக்கு இணங்காது விலகி நின்ற பிரான்சிஸ் ஸ்ருவேட் கையில் வில்லோடு, கன்னித் தெய்வமாகிய டயானாவாக நிற்கிறார். இவர் 1667-இல் றிச்மண்ட் கோமகனோடு அரண்மனையை விட்டு ஓடி மணம் புரிந்தார். மறு ஆண்டிலே வைசூரி கண்டு முகம் வடுப்பட்டது. பிரித்தானியா என்னும் தேசமாதாவின் உருவத்தைப் பதக்கத்தில் வடிப்பதற்கு முன்மாதிரியாயிருந்த முகம் அது. நோய்க்கு முன்னிருந்த அம்முகம் லீலியின் கித்தானில் மாத்திரமே தங்கிவிட்டது. வைசூரி எந்த மாளிகையையும் விட்டுவைக்காத அக்காலத்தில், இளமையிலே படம் எழுதுவித்துக் கொள்வதற்குப் பெற்றோர் காட்டிய விரைவை வெறும் ஆடம்பரம் என்று தள்ளுதல் நியாயமாகாது.

லீலியின் பெண்களுக்கு ஒரே முகம் என்னும் குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. கடற்படை அலுவலராகிய சாமுவேல் பீப்ஸ் 1668-இல் இத்தொகுதியைக் கண்டு, படங்கள் நல்லன, ஆயின் உரியவரைப் போல இல்லை என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். பாதி மூடிய கண், சற்றே தடித்த இமை, நீண்ட மூக்கு, சிறிய வாய் என ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற ஒற்றுமை உண்மையிலேயே அங்குண்டு. உடையும் அவ்வாறே. அரசவைக்கு எவரும் அவ்வுடையில் வந்ததில்லை. ஊசியாற் பொருத்திப் போர்த்த பட்டுத் துணியே அது. நடைமுறை உடையை எழுதினால் பத்தாண்டிற் பழமையாகிவிடும். மாறாத உடையில் மாறாத அழகு நிற்கும் என்பது ஓவியரின் கணக்கு. கழுத்திலும் காதிலும் முத்து இல்லாத சீமாட்டி அரிது. அம்முத்துக்கள் மன்னார்க் கடலினவோ பாரசீகக் கடலினவோ என்பதை ஓவியம் சொல்லாது. பலவற்றை ஓவியரே தம் கூடத்திற் கற்பித்துச் சேர்த்திருப்பார். மெய்யான முத்துக்கு அன்றிருந்த விலையை அறிய விரும்புவோர், மூன்று சரமுள்ள மாலையொன்றைத் தம் மனைவிக்காக 1666-இல் பீப்ஸ் வாங்கியபோது அதன் விலை 80 பவுண் என எழுதியதைக் காண்க.

அந்தப் பீப்ஸையே சிறு பொருள் கொண்டு படம் திரட்டியோரின் முன்னோடி எனலாம். 1662 ஒக்ரோபர் 20-ஆந் திகதி அவர் லீலியின் வீட்டுக்குச் சென்றார். படம் எழுதுவிக்க வந்தவரென்று கருதிய ஓவியர், மூன்று வாரத்துக்குத் தமக்கு ஓய்வில்லை என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அங்கே பார்பரா வில்லியர்ஸின் படத்தைக் கண்டு பீப்ஸ் மயங்கினார்; அதன் பிரதியொன்று பெற்றே தீரவேண்டுமென உறுதிகொண்டார். லீலியிடம் வாங்கும் வசதி அவருக்கு இல்லை. நான்கு ஆண்டு காத்திருந்து, பெய்தோர்ண் என்பவர் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட அம்மாதின் உருவத்தை 1666 டிசம்பர் முதலாந் திகதி, அச்சான அன்றே, ஒன்றல்ல மூன்று பிரதிகளாக வாங்கிச் சென்றார். எண்ணெய் வண்ணத்தில் பிரபுக்களின் மாளிகைக்கு மட்டுமே உரியதாயிருந்த முகம், தாளில் இறங்கிக் குமாஸ்தாக்களின் வீட்டுக்கும் வந்தது இவ்வாறேயாம்.

லீலியின் கூடம் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பானது. அமர்வுகளுக்கென அவர் தனிப் புத்தகம் வைத்திருந்தார். 1666-இல் ஒரு கடற்படைத் தலைவருக்கு அதைப் புரட்டிப் பார்த்து, ஆறு நாள் கழித்துக் காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே வருமாறு நேரம் கொடுத்தார். முகத்தைத் தாம் எழுதுவார். உருவின் நிலைகளுக்கு எண்கள் இருந்தன. வேண்டிய எண்ணைச் சொன்னால் உதவியாளர் மீதியை முடிப்பர். 1670-களில் தலையளவுப் படத்துக்கு 20 பவுண், முழங்கால் வரைக்கும் எழுதினால் 30, முழு உருவுக்கு 60 என விலை நின்றது. ஒரே சீமாட்டியின் படத்துக்கு உறவினரும் நண்பரும் பிரதிகள் கேட்பர். அவையும் அக்கூடத்திலேயே எழுதப்படும். எனவே பிற்காலத்தில் ஒரே முகம் ஐந்து மாளிகைகளில் தோன்றுவதும், எது லீலியின் கை, எது சீடனின் கை என்று அறிஞர் தலையைப் பிய்த்துக் கொள்வதும் வியப்பன்று.

லீலியின் விலைக்கு எட்டாதவர்களுக்கு மேரி பீல் இருந்தார். இலண்டனிலே பால்மால் வீதியில் கூடம் நடத்திய இப்பெண்மணி, தலையளவுக்கு 5 பவுணும் அரையுருவுக்கு 10 பவுணும் வாங்கினார். கணவராகிய சாள்ஸ் பீல் வண்ணங்களைத் தயாரித்துக் கொடுத்து, கணக்கும் எழுதினார். புதல்வர் இருவரும் ஆடைகளையும் ஓரச் சித்திரவேலையையும் தீட்டினர். 1677-ஆம் ஆண்டுக்குரிய கணக்குப் புத்தகம் அழியாது எஞ்சியிருக்கிறது. அவ்வாண்டில் 83 படங்களுக்கு அமர்த்தம் பெற்று 429 பவுண் ஈட்டினாரென்று அதனால் அறிகிறோம். மனைவி உழைக்க, கணவர் கணக்கெழுதிய குடும்பம் அந்நூற்றாண்டில் எத்தனை இருந்திருக்கும்! லீலி இவருடைய கூடத்துக்கு வந்து பாராட்டியதும், பார்த்தெழுதத் தம் படங்களை இரவல் கொடுத்ததும் அப்பெரியாரின் கணக்கில் நன்மைப் பக்கத்திற் சேர்க்க வேண்டியன.

லீலி 1680-இல் வீரப்பட்டம் பெற்று, அவ்வாண்டு நவம்பரில் இறந்தார். தாமும் பெரிய சேகரிப்பாளராக விளங்கியவர் ஆதலின், வன்டைக்கின் ஓவியங்கள் பலவும், இத்தாலியப் பேராசிரியரின் கோட்டுச் சித்திரங்கள் ஆயிரக்கணக்கிலும் அவர் வீட்டில் இருந்தன. மரணசாசனத்தை நிறைவேற்ற நியமிக்கப்பட்ட றோஜர் நோத் என்னும் வழக்கறிஞர், முடியாது கிடந்த சீமாட்டிகளை உதவியாளரைக் கொண்டு முடிப்பித்தார். ஒவ்வொரு கோட்டுச் சித்திரத்திலும் 'பி. எல்.' என்னும் முத்திரையைக் குத்தினார். 1682 ஏப்ரிலில் ஓவியங்களை ஏலமிட்டார். அம்முத்திரை இன்றும் சேகரிப்பாளர் தேடும் அடையாளமாயிருக்கிறது. இலண்டன் நகரம் கலை ஏலத்துக்குப் பழகத் தொடங்கியது இத்தகைய விற்பனைகளாலேயே.

அக்காலத்துச் சேகரிப்பு எவ்வாறு தோற்றமளித்ததென்பதை அறிய, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹம் மாளிகையைக் காணலாம். லோடர்டேல் கோமாட்டியாகிய எலிசபெத் அங்குள்ள நீண்ட கூடத்தை உருவப்படங்களால் நிரப்பினார். 1670-களின் பட்டியல் அவற்றை 22 என எண்ணுகிறது. பெரும்பாலானவை இன்னும் அவ்விடத்திலேயே உள்ளன. படங்களைவிடச் சட்டகங்கள் முதலிற் கண்ணைக் கவரும். பொன்முலாம் பூசி, காதுமடல் போலவும் கடற்சிப்பி போலவும் வளைந்து நெளியும் செதுக்குவேலை கொண்ட இச்சட்டகங்களை, அவ்வகையை மிகுதியாக விரும்பிய பிரபு ஒருவரின் பெயரால் 'சண்டர்லண்ட்' சட்டகம் என்பர். ஒரே வகைச் சட்டகத்திற் பல பெண்களை நிறுத்தியதால், தனித்தனி முகங்கள் ஒரு கூட்டமாயின. தனியொரு படத்தைப் பிரித்து விற்றபோது அழிந்தது அந்தக் கூட்டமேயாகும்.

லீலிக்குப் பின் வந்தவர் கொட்பிறி நெல்லர். லூபெக் நகரிற் பிறந்து 1676-இல் இங்கிலாந்து வந்த இவரும் அந்நியரே. வன்டைக், லீலி, நெல்லர் என மூவரும் கடல் கடந்து வந்து ஆங்கிலப் பெண்ணின் அழகுக்கு இலக்கணம் வகுத்தனர் என்பது நினைக்கத்தக்கது. இரண்டாம் மேரி அரசி, 1690-ஐ ஒட்டித் தம் அவையிலுள்ள அழகியர் எண்மரை நெல்லரைக் கொண்டு முழு உருவமாக எழுதுவித்தார். இதனை அரசிக்கு வேண்டாமென்று தடுத்தவர் டோர்செஸ்ரர் சீமாட்டி என ஹொறேஸ் வால்போல் கூறுவர். அரசர் தம் அவையிலுள்ள அறிவாளிகளின் படங்களை மாத்திரம் வேண்டுமெனக் கேட்டால், ஏனையோர் தம்மை மூடரென்று சொன்னதாகக் கொள்ள மாட்டார்களா என்று அச்சீமாட்டி கேட்டாராம். அரசி கேட்கவில்லை. எண்மர் மகிழ, மற்றையோர் பகைத்தனர் என்பர். அப்படங்கள் இன்று ஹம்ரன் கோட் அரண்மனையில் உள்ளன. லீலியின் வின்ட்சர் அழகிகளும் பின்னர் அங்கேயே வந்து சேர்ந்தனர்.

அரசியைப் பார்த்துப் பிரபுக்களும் அவ்வழியில் இறங்கினர். சசெக்ஸ் மாகாணத்துப் பெற்வேர்த் மாளிகையிலே சமர்செற் கோமகனும் மனைவி எலிசபெத் பேர்சியும் நெல்லர், மைக்கல் டால் ஆகியோரைக் கொண்டு ஓர் 'அழகிகள் அறை' அமைத்தனர். எலிசபெத் பேர்சி அளவிறந்த சொத்துக்குத் தனி வாரிசு. பதினைந்து வயதுக்குள்ளே மும்முறை மணம் முடித்து வைக்கப்பட்டார். முதற் கணவர் நோயால் இறந்தார், இரண்டாமவர் 1682-இல் இலண்டன் வீதியிற் சுடப்பட்டார், மூன்றாமவரே சமர்செற் கோமகன். மாளிகையும் நிலமும், வன்டைக் எழுதிய பேர்சி குலத்துப் படங்களும் அப்பெண்ணோடு வந்தவையே. இந்த அறையில் நிற்கும் அழகியரைக் காண்போர், இவர்களிற் பலர் நிலத்தை ஒரு குலத்திலிருந்து மற்றொரு குலத்துக்குக் கொண்டு சென்ற பாலங்கள் என்பதையும் மறத்தலாகாது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே றெனோல்ட்ஸ், கெயின்ஸ்பறோ என்னும் உள்நாட்டு ஓவியர் தோன்றியதும் பழைய படங்களின் மதிப்புக் குன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்லொழுக்கம் பேசியோர் லீலியின் பெண்களை வெறுப்புடன் நோக்கினர். விமரிசகர் ஹஸ்லிற் அவர்களை மினுக்குப் பூசிய காமக்கிழத்தியர் கூட்டமாகவே கண்டார். ஆயினும் வெறுப்பு ஆவலையும் கூடவே வளர்த்தது. இளவரசி சார்லொற் அவ்வழகிகளின் சிறுபிரதிகளை டெனிஸ் மேர்பி என்னும் ஓவியரிடம் கேட்டிருந்தார். 1817-இல் இளவரசி இறந்துவிட, பிரதிகள் கொள்வாரின்றித் தங்கின. தந்தையின் உழைப்பு வீணாகாதவாறு, மகளாகிய ஆனா ஜேம்சன் அவற்றின் அச்சுப் படங்களுக்கு ஏற்ப அச்சீமாட்டிகளின் வாழ்க்கை வரலாறுகளை எழுதி 1833-இல் வெளியிட்டார். முகத்தோடு வரலாற்றைச் சேர்த்து வாசிக்கும் வழக்கம் பரவியதற்கு அந்நூலும் ஒரு காரணம்.

பெருமாற்றம் 1870-களின் பின்னர் வந்தது. அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து குவிய, ஆங்கில நிலத்தின் குத்தகை வீழ்ந்தது. அதுகாறும் குடும்பச் சொத்தாகக் கட்டுண்டு கிடந்த படங்களை, நீதிமன்றத்தின் அனுமதியோடு விற்கலாமென 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அவ்வாண்டிலேயே ஹமில்ரன் மாளிகைப் பொருள்கள் ஏலத்தில் ஏறத்தாழ 400,000 பவுணுக்கு விற்பனையாயின. 1894-இல் மரணவரி புகுத்தப்பட்டது. கடலின் அப்பாலே, பாட்டன்மாரின் படம் இல்லாத புதுச் செல்வர் காத்திருந்தனர். நியூயோர்க் செல்வர் ஹென்றி கிளே பிறிக் 1917-இல் வன்டைக் எழுதிய கிளான்பிறசில் சீமாட்டியை வாங்கினார். பாட்டியை விற்றவர் வரி செலுத்தினார். வாங்கியவருக்கு ஒரு பாட்டி கிடைத்தாள் என்று வேடிக்கையாகச் சொன்னாலும் தவறில்லை.

பெயர்கள் தொலைந்தது இந்த இடப்பெயர்ச்சியிலேதான். வீட்டிலிருக்கும்வரை, பணிப்பெண்ணுக்குக் கூட அது எந்தப் பெருமாட்டி என்று தெரியும். சிலர் பின்னாளிற் படத்தின் மூலையில் மஞ்சள் எழுத்தாற் பெயர் எழுதுவித்தனர். ஞாபகத்திலிருந்து எழுதியமையால் அவற்றிற் பல பிழையாயின. வணிகரோவெனில், பெயரில்லாத பெண்ணைவிடப் பெயருள்ள பெண் விலை போவாள் என்பதை அறிந்தவர். தோடம்பழம் விற்ற நிலையிலிருந்து நாடக மேடைக்கும், அங்கிருந்து மன்னரின் அன்புக்கும் உயர்ந்த நெல் குவின் என்னும் பெயரை, அகன்ற கண்ணும் தாழ்ந்த கழுத்துமுள்ள எந்தப் பெண்ணுக்கும் சூட்டினர். இவ்வாறு ஒருத்தியின் பெயர் பலருடைய பெயர்களை விழுங்கிவிட்டது.

கித்தானும் தன் கதையைச் சொல்லும். அக்கால ஓவியர் தலையளவுக்கு 30 அங்குலம் உயரமும் 25 அங்குலம் அகலமும், முழங்காலளவுக்கு 50-க்கு 40 அங்குலமும் என நிலையான அளவுகள் கொண்டனர். அவ்வளவிற் குறைந்த படம் வெட்டப்பட்டதோ என ஐயுற இடமுண்டு. நைந்த கித்தானுக்குப் பின்னே புதுத் துணியைப் பசையிட்டு, சூடான இரும்பால் அழுத்திய முற்காலத்தார், தூரிகையின் மேடு பள்ளங்களையும் அழுத்திவிட்டனர். நீலக் கண்ணாடித் தூளாற் செய்த வண்ணம் காலத்தில் சாம்பல் நிறமாகும்; செவ்வரக்கு வண்ணம் வெயிலில் வெளிறும். லீலியின் சீமாட்டிகளிற் சிலர் இன்று காட்டும் வெளிறிய கன்னம், அன்று இளஞ்சிவப்பாக இருந்திருக்கக் கூடும்.

பெற்வேர்த் அழகிகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே மாளிகைக்கு உரியவராயிருந்த மூன்றாம் எகிறிமண்ட் பிரபு, வேறு படங்களுக்கு இடம் வேண்டி அவர்களிற் சிலரைக் கால் நீக்கிக் குறுக்கச் செய்தார். வெட்டி எறிந்தனர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அம்மாளிகை 1947-இல் தேசிய நம்பிக்கை நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. படங்கள் 1956-ஐ ஒட்டி மரணவரிக்கு ஈடாக அரசால் ஏற்கப்பட்டு அவ்விடத்திலேயே விடப்பட்டன. பின்னர் பழுதுபார்ப்போர் சட்டகத்தைக் கழற்றிப் பார்த்தபோது, கித்தானின் கீழ்ப்பகுதி பின்புறம் மடிந்து கிடந்தது. இரு சீமாட்டிகள் பாதமும் பாவாடை விளிம்புமாக முழு உருவம் பெற்றனர்.

2016-ஆம் ஆண்டில் இலண்டன் ரேற் சித்திரசாலை ஒரு படத்தை வாங்கிற்று. 1650-களின் முற்பகுதியில் எழுதப்பட்டது. வெண்பட்டு உடுத்த ஓர் இளம்பெண் முழு உருவமாக நிற்கிறாள். எழுதியவர் ஜோன் கார்லைல்; றிச்மண்ட் காட்டு அதிகாரியொருவரின் மனைவி; 1654-இல் படம் எழுதிப் பிழைப்பதற்காகக் கணவரோடு இலண்டன் கவண்ட் கார்டனுக்கு வந்து, இரண்டு ஆண்டில் திரும்பிச் சென்றவர். இங்கிலாந்திலே ஓவியத்தைத் தொழிலாகக் கொண்ட முதற் பெண்களில் ஒருவர். அச்சித்திரசாலையிலுள்ள பெண் ஓவியர் படைப்புகளில் இதுவே மிகப் பழையது. அதே வெண்பட்டு ஆடை அவர் எழுதிய வேறு பெண்களின் உடலிலும் காணப்படுகிறது. ஓவியரின் பெயர் உறுதிப்பட்டுவிட்டது. படத்தில் நிற்பவளை விற்பனைப் பட்டியலும் சித்திரசாலையும் பெயர் தெரியாத சீமாட்டி என்றே வழங்குகின்றன.